நாலு காலுக்கு அடைத்த வாசல்

முன்னொரு காலத்தில், மனிதரைவிட ஆடுகள் அதிகமாக வாழ்ந்த ஒரு வறண்ட நாட்டை வீரகேது என்ற அரசர் ஆண்டார். நல்லவர்தான், ஆனால் ஒன்று மனதில் பட்டுவிட்டால் அப்புறம் யோசிக்க மாட்டார். மலையிலிருந்து ஓநாய்கள் இறங்கி ஆடுகளைத் தின்கின்றன என்று கேட்டதும், எல்லை நெடுக முள்வேலி போட்டார். ஒரே ஒரு வாசல். "நாலு கால் உள்ள எதுவும் இனி உள்ளே வரக்கூடாது. வந்தால் வாயில்காவலன் தலை தப்பாது!" என்று ஆணையிட்டார்.

விகடகவி சடையாண்டிமேல் மந்திரி நஞ்சுண்டாருக்கு வெகுநாள் எரிச்சல். "அரசே, இந்தக் காவலுக்குச் சடையாண்டியே தகுந்தவர்" என்று மாட்டிவிட்டார். அரசர் தலையசைத்துவிட்டு வேட்டைக்குப் போய்விட்டார்.

இதில்தான் கூத்து. கோடையில் அந்நாட்டு இடையர்கள் மந்தையை மலைப்புல்லுக்கு ஓட்டிப் போவது வழக்கம். ஆடுகளைக் காக்க வேலி எழுந்தபோது ஆடுகள் அத்தனையும் வெளியே இருந்தன! மந்தையோடு திரும்பிய பொம்மக்காள் வாசலில் நின்று அழுதாள்.

"சாமி, குட்டி போட்ட ஆடெல்லாம் நிக்குது. இருட்டுனா ஓநாய் வந்துரும். கதவத் தொறங்க சாமி!"

"ஆணைக்கு விலக்குக் கிடையாது" என்றார், வேடிக்கை பார்க்க வந்திருந்த நஞ்சுண்டார்.

அந்த நேரம் குளம்பொலி கேட்டது. அரசர் தம் வெள்ளைக் குதிரையில் வந்துகொண்டிருந்தார். "கொஞ்சம் பொறு தாயே" என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்த அரசரை மறித்தார் சடையாண்டி.

"அரசே, தாங்கள் வரலாம். குதிரை வரக்கூடாது. அதற்கு நாலு கால்."

"உளறாதே! அது என் பிள்ளை மாதிரி. வெளியே விட்டால் ஓநாய் தின்றுவிடாதா?"

"தின்றுவிடும், அரசே. என்ன செய்வது? ஆணைக்கு விலக்குக் கிடையாதாம். மந்திரியாரைக் கேளுங்கள்."

நஞ்சுண்டார் மெல்லக் கதவுக்குப் பின்னால் நகர்ந்தார். மலைப்பக்கம் ஓர் ஊளை கேட்டது. மிரண்ட குதிரையின் கழுத்தை, இறங்கி அணைத்துக்கொண்டார் அரசர். பக்கத்தில் அதேபோல் ஒரு குட்டியை அணைத்துக்கொண்டு பொம்மக்காள் நின்றாள். அரசர் அவளைப் பார்த்தார்; தம் குதிரையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வேலியைப் போட்டேன்; உள்ளே யார் இருக்க வேண்டும் என்று யோசிக்கவில்லையே! திற கதவை. இனி ஆடு எது, ஓநாய் எது என்று தெரிந்த இடையர்களே வாசலைக் காக்கட்டும்."

தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியின் கழுத்தில் போட்டார். நஞ்சுண்டாருக்கும் ஒரு வேலை கிடைத்தது: கடைசிக் குட்டி நுழையும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

"அரசே, வாருங்கள்" என்று வழிவிட்டார் சடையாண்டி.

"முதலில் ஆடுகள் போகட்டும்" என்று குதிரையோடு ஓரமாக ஒதுங்கி நின்றார் அரசர்.