பக்கத்து இலை

தணிகாசலம் மடத்துக்குள் நுழைந்தபோது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அமாவாசைதோறும் வந்து சாப்பிட்டுப் போகிறவர்தான். ஆனால் அன்று சாப்பாட்டுக்காக வரவில்லை. மடத்துச் சாமியிடம் கேட்க ஒரு கேள்வி இருப்பதாக நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

சாமிக்கு அவரைவிட வயது குறைவு. அவர் மகன் வயது என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் சாமி முன்னால் நின்றால் தணிகாசலத்தின் குரல் தானாகத் தணிந்துவிடும்.

"சாமி, கூட வேலை பார்க்கிறவங்களுக்கு நம்ம மேல பொறாமை வந்துட்டா என்ன செய்யறது?"

"யாருக்கு வந்துச்சு?"

"மரகதம்னு ஒருத்தங்க. ஜவுளிக்கடையில பட்டுப் பிரிவுல நானும் அவங்களும்தான்."

"என்ன பொறாமை?"

தணிகாசலம் செருமிக்கொண்டார். சம்பளம் ஏறிய அன்று அவருடைய செல்போன் மேஜைமேல் கிடந்தது. பாங்கிலிருந்து வந்த செய்தி அதில் மின்னியது. பக்கத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்த மரகதத்தின் கண்ணில் பட்டுவிட்டது. இருவருக்கும் ஒரே மேஜை, ஒரே வேலை. அவர் சம்பளமோ மரகதத்துடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"நீ குடும்பஸ்தன்னு சொல்லி முதலாளி எனக்குக் கூடப் போட்டுக் கொடுக்கிறார் சாமி. நானா கேட்டேன்?"

"அவங்களுக்குக் குடும்பம் இல்லையா?"

"இருக்கு. வீட்டுக்காரர் படுத்த படுக்கை. ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க."

"உங்க பிள்ளைங்க?"

"எல்லாரையும் கட்டிக் கொடுத்தாச்சு."

சொன்னது தனக்கே நன்றாக இல்லாததால் அவசரமாக அடுத்த பேச்சுக்குத் தாவினார். "நாளைக்குக் காலையில முதலாளிகிட்டப் பேசப் போறாங்களாம். என்னையும் கூட வரச் சொல்றாங்க. 'நீங்க ஒண்ணும் பேச வேணாம்ணே. ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதானான்னு கேட்டா, ஆமான்னு மட்டும் சொல்லுங்க'ங்கறாங்க. தனியாப் போய் நின்னா அந்த மனுஷன் நாளையிலேர்ந்து வேலைக்கு வராதேன்னு சொல்லிடுவார். தெரிஞ்சும் போறேங்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாமியைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

சாமி பந்திப் பக்கம் கை காட்டினார். "சோறு ஆறுது. உக்காருங்க," என்றார்.

அன்று சாமியே பரிமாற வந்தார். தணிகாசலத்துக்குப் பக்கத்து இலையில் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், நல்ல பசியோடு வந்திருந்தார். சாமி தணிகாசலத்தின் இலையில் இரண்டு வடை வைத்தார், அப்பளம் வைத்தார், சோற்றைக் குவித்து நெய்யைத் தாராளமாக ஊற்றினார். பொன்னுரங்கத்துக்கு ஒரு கரண்டிச் சோறும் கொஞ்சம் குழம்பும் விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

சாமிக்கு நம்மேல் தனிப் பிரியம் என்றுதான் தணிகாசலத்துக்கு முதலில் தோன்றியது. உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். அப்புறம்தான் பக்கத்து இலை கண்ணை உறுத்தியது.

கல்யாணப் பந்திகளில் தணிகாசலம் பெயர்போன ஆள். பக்கத்து இலைக்கு ஊறுகாய் வராவிட்டால்கூட, "இந்த இலையைக் கவனிங்கப்பா" என்று பந்தியே திரும்பிப் பார்க்கிற மாதிரி குரல் கொடுப்பார். அன்று அந்தக் குரல் வரவில்லை. சாமியைப் போய் எப்படிச் சொல்வது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சொன்னால் தன் இலையிலிருந்து ஒரு வடை அந்தப் பக்கம் போய்விடுமோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அது ஓடியது அவருக்கே தெரிந்தது.

அப்பளத்தை எடுத்து வடைகளை மூடினார். தலை குனிந்து மளமளவென்று சாப்பிட ஆரம்பித்தார்.

"அண்ணனுக்கு உப்பு வரலியே," என்றார் பொன்னுரங்கம். பிறகு உரக்க, "சாமி, இங்க இவருக்கு உப்பு வைங்க."

அதற்கப்புறம் தணிகாசலத்துக்கு எதுவுமே ருசிக்கவில்லை.

கை கழுவிவிட்டுத் திரும்பியபோது சாமி நின்றுகொண்டிருந்தார்.

"சாப்பாடு எப்படி?"

"திருப்தி சாமி."

"பக்கத்து இலையில?"

"நான் கவனிக்கல சாமி."

"கவனிக்காமலா வடையை மூடினீங்க?"

தணிகாசலத்துக்கு முகம் சுட்டது. "பரிமாறினது நீங்க சாமி. நானா கேட்டேன்?"

சொல்லி முடித்த பிறகுதான், வந்ததும் வராததுமாகச் சொன்ன அதே வார்த்தை என்று உறைத்தது.

"ஆமா. வஞ்சனை பண்ணினது நான்தான்," என்றார் சாமி. "அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். என் இலையில உக்காந்து இப்பத்தான் வயிறாரச் சாப்பிடறார்."

"அவர் என்ன சொன்னார்?"

"'நீங்க வெக்காததைக்கூட மறந்துடுவேன் சாமி. அந்த அண்ணன் மூடினதுதான் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு'ன்னார்."

தணிகாசலம் படியில் உட்கார்ந்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விலை உயர்ந்த ஒரு புடவையைக் கொக்கியில் மாட்டிக் கிழித்துவிட்டார். முதலாளி கத்திக்கொண்டு வந்தபோது, "ரெண்டு பேரும் பிரிக்கும்போதுதான் கிழிஞ்சுது" என்று அவர் பக்கத்தில் வந்து நின்றவர் மரகதம். அந்தப் புடவையை மரகதம் தொடக்கூட இல்லை. அதை நினைக்க நினைக்க, எழுந்து எங்காவது போய்விடலாம் போல இருந்தது.

"சாமி, நான் ஒண்ணு மறைச்சுட்டேன்."

"சொல்லுங்க," என்றார் சாமி.

"இந்தச் சம்பள விஷயம் அவங்களுக்குத்தான் இப்பத் தெரிஞ்சுது. எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். பொறாமைன்னு நான்தான் பேர் வெச்சேன். அவங்க ஒரு வார்த்தைகூட என்னைத் தப்பாச் சொல்லல."

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு, நாளைக்கு எந்த முகத்தோட சாமி அவங்க பக்கத்துல போய் நிக்கிறது?"

"இந்த முகத்தோடயே போங்க," என்றார் சாமி. "இதை அவங்க இன்னும் பார்த்ததில்ல."