நெஞ்சு கொடுத்தவர்

சுமோ மல்லன் கிரிசாவா அன்றைக்கு ஜெயித்திருக்க வேண்டியவன். தோற்றான். தோற்றுவிட்டு மனசுக்குள் சந்தோஷப்பட்டான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எதிரே நின்றவர் இசோகாசே. நாற்பதை நெருங்குகிறவர், இரண்டு முழங்காலிலும் கட்டு. பக்கத்துப் பயிற்சிக்கூடத்துக்காரர். கிரிசாவா புதிதாகச் சேர்ந்த காலத்தில் அவனுக்கு நெஞ்சைக் கொடுத்தவர் அவர்தான். நெஞ்சைக் கொடுப்பது என்றால், மூத்தவர் மார்பை விரித்துக்கொண்டு கோதாவில் நிற்பார். இளையவன் ஓடிவந்து முட்டி, மறுகரை வரைக்கும் அவரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். லேசில் போக முடியாது. மூச்சு வாங்கி, வாயெல்லாம் மண்ணாகி விழுகிற வரைக்கும் விடமாட்டார்கள். இசோகாசே வருஷக்கணக்கில் அவனுக்காக அப்படி நின்றார். எதிராளியின் கச்சையை இடது கையால் பற்றிவிட்டால் உயிரே போனாலும் விடாதே என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

அன்று போட்டியின் கடைசி நாள். இசோகாசேயின் வெற்றியும் தோல்வியும் சரிக்குச் சரியாக இருந்தன. தோற்றால் சம்பளம் வாங்கும் மல்லர்களின் வரிசையிலிருந்து கீழே இறங்கிவிடுவார். தனி அறை போய்விடும், பணிவிடைக்கு இருக்கிற ஆள் போய்விடுவான். நேற்று வந்தவர்களோடு பொதுக் கூடத்தில் படுத்து எழுந்து, அடுத்தவன் துணியைச் சுமக்க வேண்டும். கிரிசாவாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவனுக்கு வேண்டிய வெற்றிகள் ஏற்கெனவே கையில் இருந்தன.

மோதினார்கள். இடது பிடி நன்றாகக் கிடைத்தது. பிடித்தான். பிறகு விட்டான்.

இசோகாசே அவனை வளையத்துக்கு வெளியே தள்ளினார். அரங்கமே எழுந்து கை தட்டியது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று கிரிசாவா நினைத்துக்கொண்டான். வணங்கி நிமிர்ந்தபோது இசோகாசே அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெயித்தவன் சந்தோஷத்தை வெளியே காட்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் கிரிசாவா அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் இசோகாசே ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்து அவருக்குக் குடுமி அறுக்கும் சடங்கு நடந்தது. மல்லன் நாற்காலியில் முன்னே பார்த்து உட்கார்ந்திருப்பான். வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வந்து, கத்தரிக்கோலால் கொஞ்சம் முடியை நறுக்கிவிட்டுப் போவார்கள். கடைசி வெட்டு அவனுடைய ஆசானுடையது. அதற்குப் பிறகு அவன் மல்லன் இல்லை.

கிரிசாவாவின் முறை வந்தது. நறுக்கிவிட்டு, காதருகே குனிந்தான்.

"அண்ணே, உடம்பப் பாத்துக்கங்க."

இசோகாசே திரும்பவில்லை. "என்னைக்காவது நீ என்னைத் தூக்கிப் போட்டு நன்றி சொல்லுவேன்னு நெனச்சிட்டிருந்தேன்டா" என்றார்.

நெஞ்சு கொடுத்தவரைக் கோதாவில் வீழ்த்துவதுதான் அவருக்குச் செய்யும் நன்றிக்கடன். சுமோவில் அப்படித்தான். இது கிரிசாவாவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த நேரத்தில் அவன் நினைக்காத விஷயம், அவ்வளவுதான்.

வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான். அத்தனை பெரிய உடம்பு ரயிலில் உட்கார்ந்து அழுதால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? ஜன்னலைப் பார்த்தார்கள்.

காலையில் அவன் தன் ஆசான் முன்னால் போய் நின்றான். நடந்ததைச் சொன்னான்.

"அவருக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன், ஆசானே. அவரு ஏன் போயிட்டாரு?"

ஆசான் மேலாடையைக் கழற்றி மடித்து வைத்தார். அவரும் ஒரு காலத்தில் பேர்போன மல்லர். முழங்கால் பிசகித்தான் கோதாவை விட்டு இறங்கினார், இன்றைக்கும் படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். நொண்டிக்கொண்டே கோதாவுக்குள் போய் நின்றார்.

"வா, மோது."

"ஆசானே, உங்க கால்..."

"வான்னு சொன்னேன்."

கிரிசாவா போனான். தோளில் மெதுவாகக் கை வைத்தான். குழந்தையைத் தூக்குகிறவன் மாதிரி தள்ளினான். ஆசான் அவன் கச்சையைப் பிடித்து இழுத்து, வளையத்துக்கு வெளியே விட்டார்.

"யார் ஜெயிச்சா?"

"நீங்கதான்."

"எப்படி இருக்குன்னு கேளு."

கிரிசாவா தயங்கினான். "எப்படி இருக்கு ஆசானே?"

"முழங்கால் பிசகின அன்னிக்குக்கூட எனக்குத் தோணல. நான் கெழவன்னு இப்பத்தான் தெரியுது."

கிரிசாவா மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"அவரு தோத்திருந்தா அடுத்தவன் துணியைத் தூக்கிட்டு நடக்கணும். அதைப் பாக்க எனக்கு மனசு வரல."

"உனக்கு மனசு வரல. சரி. அவனுக்கு என்ன? எத்தனையோ தோல்வியைப் பாத்தவன். துணியத் தூக்கிக்கிட்டே திரும்ப ஏறி வந்திருப்பான். இல்ல, ஏற முடியாம போயிருப்பான். அது அவன் பாடு."

வெளியே மற்ற மல்லர்கள் பயிற்சிக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். ஆசான் மேலாடையை எடுத்து உதறினார்.

"ஆசானே, திரும்ப ஒரு தடவை அவரோட மோத முடியாதா?"

"குடுமியில நீயும்தானே கத்தரி வச்சிட்டு வந்த?"

கிரிசாவாவின் கண் மறுபடி கலங்கியது. அவன் கையை மண்ணில் ஊன்றி எழுந்தான்.

"அப்ப நான் போய் அவர்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

ஆசான் ஒரு கையை உடையில் நுழைத்தவர், அப்படியே நின்றார்.

"கேட்டா மன்னிச்சிருவான். உனக்கு இதையும் அவனேதான் குடுக்கணுமா?"