துள்ளனின் இடது காது

அல்லிக்குளத்துக் காட்டில் மரிக்கொழுந்து என்றோர் இளம் புள்ளிமான் இருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி. பெயர் துள்ளன்.

பெயருக்கேற்றபடி அவன் நாளெல்லாம் துள்ளுவான். ஆனால் சில நேரம், துள்ளிக்கொண்டிருந்தவன் பொத்தென்று விழுவான். கண் மேலே செருகும். நாலு காலும் வெட்டி வெட்டி இழுக்கும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, தூங்கி எழுந்தவன் போல முழிப்பான்.

தரையில் விழுந்தால் பரவாயில்லை. குளத்தில் தண்ணீர் குடிக்கும்போது விழுந்தால்? அதுதான் மரிக்கொழுந்தின் பயம். அவனைக் குளத்துப் பக்கமே விடமாட்டாள். பனி படிந்த புல்லைத் தின்ன வைத்தே தாகம் தீர்ப்பாள். அவள் குடிக்கும்போதும் ஒரு வாய்த் தண்ணீருக்கு ஒருமுறை அவனைத் திரும்பிப் பார்ப்பாள். நிம்மதியாக வயிறு நிறையக் குடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"அம்மா, மத்த குட்டிங்க எல்லாம் குளத்துக்குப் போகுதுங்களே!"

"உனக்குச் சளி பிடிக்கும்டா கண்ணு!" என்று பொய் சொல்வாள். அக்கம்பக்கத்திலும் அதே பொய்தான்.

காட்டில் எதை மறைக்க முடியும்? ஒருநாள் துள்ளன் விழுந்ததை மரத்திலிருந்து குரங்கார் பார்த்துவிட்டார். உச்சிவெயில் ஏறுவதற்குள் காடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

"நம்ம காட்டுப் பிள்ளைக்கு வலிப்பா? ஆராய்ச்சி பண்ணி வழி கண்டுபிடிக்காமல் விடுவதா?" என்று யானையார் முழங்கினார்.

ஆராய்கிறவர்கள் இரை தேடி அலையாமல் வேலை செய்ய வேண்டுமே! அதற்காக எல்லாரும் மருதமரத்தடியில் உணவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். யானையார் விளாம்பழங்களைக் குவித்தார். கரடியார் தேனடைகளை அடுக்கினார். மயிலார் பக்கத்துக் காட்டில் தோகை விரித்து ஆடி, மூட்டை மூட்டையாகத் தினை வசூலித்தார். மரிக்கொழுந்து ஒரு வாய் அறுகம்புல் கொண்டுவந்து ஓரமாக வைத்தாள்.

எதை முதலில் ஆராய்வது? அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. அதிகம் கொடுத்தவர்தான் முதலில் பேசுவார். ஆகவே மரிக்கொழுந்தின் முறை கடைசி.

"இந்த நோய் முதன்முதலில் எந்தக் காட்டில் தோன்றியது? அதைத் தேடுவோம்!" என்றார் யானையார்.

"தேனில் குணமாகுமா என்று பாருங்கள்! அதுவும் என் தேனில்!" என்றார் கரடியார்.

"வலிப்பு வந்தால் உடம்பிலுள்ள புள்ளி மங்குமா? அழகு போனால் அப்புறம் என்ன இருக்கு?" என்றார் மயிலார்.

"உமக்குத் தோகையை விட்டால் வேறு நினைப்பே வராதா?" என்று குரங்கார் பல்லிளித்தார்.

பேச்சு சண்டையாக முற்றியது. அந்த நேரம் பார்த்து, கூட்டத்தின் நடுவிலேயே துள்ளன் விழுந்தான்.

"இரும்பு! கையில் இரும்பைக் கொடுங்க!" என்று காக்கையார் கூட்டுக்குப் பறந்து, துருப்பிடித்த ஆணி ஒன்றைக் கவ்வி வந்தார்.

"அவனுக்குக் கை ஏதய்யா? குளம்புதானே இருக்கு!" என்று கத்தியபடியே குரங்கார் அவன் வாயில் திணிக்க ஒரு பழத்தோடு ஓடினார். கரடியார் கால்களை அமுக்கினார். யானையார் அவன் முகத்தில் பீய்ச்சத் துதிக்கை நிறையத் தண்ணீர் எடுத்தார்.

"நிறுத்துங்க எல்லாரும்!"

மரிக்கொழுந்தின் குரலா அது! அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

"வாயில எதையும் வைக்காதீங்க! தண்ணி ஊத்தாதீங்க மாமா, மூச்சு முட்டிடும்! காலை விடுங்க கரடியண்ணே!"

அவள் முகவாயால் அவனை மெல்ல ஒருக்களித்துச் சாய்த்தாள். தலைக்கு அருகில் கிடந்த கல்லைத் தள்ளினாள். பக்கத்திலேயே நின்றாள். இழுப்பு தானாக அடங்கியது.

துள்ளன் கண் திறந்தான். "காக்கா மாமா, ஆணி எதுக்கு?"

"சும்மாதான்டா... காத்து வாங்கக் கொண்டுவந்தேன்!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மரிக்கொழுந்து மட்டும் சிரிக்கவில்லை.

"முறை தவறிப் பேசுறேன், மன்னிச்சிடுங்க. இத்தனை பேர் பேசினீங்களே, இவனை யாராவது கேட்டீங்களா? பெத்தவ நானே கேட்கலையே!"

யானையார் முழந்தாளிட்டுக் குட்டியின் முகத்துக்கு நேரே குனிந்தார். "நீ சொல்லப்பா. எதை முதல்ல கண்டுபிடிக்கணும்?"

"விழுறது எனக்குத் தெரியாது மாமா. எழுந்ததும் எல்லாரும் பயந்த முகமா நிக்கிறீங்க பாருங்க, அதுதான் கஷ்டமா இருக்கு. வரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சா நானே தள்ளிப் போய்ப் படுத்துக்குவேன். அப்புறம் எல்லாரோடயும் குளத்துல தண்ணி குடிக்கலாம்!"

பின்வரிசையில் காட்டுப்பன்றி அக்கா விசும்பினாள். "என் ரெண்டாவதுக்கும் இப்படித்தான். வெளியே சொல்ல வெட்கப்பட்டேன்."

யானையார் எழுந்தார். "என் கேள்வி காத்திருக்கட்டும். பிள்ளையின் கேள்விதான் முதல்!"

வேலை தொடங்கியது. குரங்குகள் கிளையிலிருந்தும், நாரைகள் கரையிலிருந்தும், மைனா துள்ளனின் முதுகிலிருந்தும் முறை வைத்துக் கவனித்தார்கள். பசித்தவர்கள் மருதமரத்தடியில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். "தும்மல்தான் அடையாளம்!" என்று மைனா குதித்தது. அடுத்த முறை தும்மல் வரவில்லை. "வால்தான்!" என்றார் குரங்கார். அதுவும் பொய்த்தது. தவறியதைத் தவறியது என்றே எல்லாரிடமும் சொல்லிவிட்டு மறுபடி கவனித்தார்கள்.

மழைக்காலம் முடியும்போது தெரிந்துவிட்டது. வலிப்புக்கு முன்னால் துள்ளனின் இடது காது பின்னால் மடங்கி அப்படியே நிற்கும்! பன்றிக்குட்டிக்கோ அடையாளம் வேறு. காரணமில்லாமல் உறுமுவான்.

வெயில் காலத்தில் ஒரு காலை. துள்ளன் மற்ற குட்டிகளோடு குளத்துக்கு வந்தான். குனியப் போனான்.

"காது!" என்றது மைனா.

யாரும் அலறவில்லை. துள்ளன் தானே மணல்பக்கம் நடந்து போய் ஒருக்களித்துப் படுத்தான். பன்றி அக்கா ஒரு கல்லை நகர்த்தினாள். காக்கையார் வெறும் அலகோடு அமைதியாக உட்கார்ந்திருந்தார். வலிப்பு வந்தது, போனது.

துள்ளன் எழுந்தான். சுற்றிலும் பார்த்தான். ஒரு முகத்திலும் பயமில்லை. தெளிந்ததும் நேரே குளத்துக்குப் போய்ச் சளப் சளப்பென்று குடித்தான்.

"அம்மா, சளி பிடிக்காதா?"

"பிடிச்சா பிடிக்கட்டும்டா! குடி!"

வலிப்பு நின்றுவிடவில்லை. மருந்தைத் தேடும் வேலை இன்னும் நடக்கிறது. ஆனாலும் கொம்பில்லாத மரிக்கொழுந்தின் தலை, அன்று கொம்பு முளைத்தது போல நிமிர்ந்தது.

"பார்த்தீங்களா? இந்தக் காட்டுக்கே வழி சொன்னவன், என் பிள்ளை!"

அப்புறம் அவளும் குனிந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், வயிறு நிறையக் குடித்தாள்.

யாருக்காகத் தேடுகிறோமோ, எதை முதலில் தேடுவது என்று அவரிடமே கேட்க வேண்டும்.