நாச்சிமுத்துவின் பிக்கப் உயர்ந்த கதை

ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி முதலாளி நாச்சிமுத்துவின் பிக்கப் வண்டிக்கு முன்னும் பின்னும் இரும்புத் தடுப்பு உண்டு. வண்டியின் முதுகில் அவர் படமும் பட்டங்களும் எழுதிய ஆளுயர இரும்புப் பலகை உண்டு. மண்டி வாசல் மேட்டில் ஏறும்போதெல்லாம் வண்டியின் அடி தரையில் தட்டியது, சுமைக்காரர்கள் சிரித்தார்கள். வண்டியைத் தூக்கிக் கட்ட திண்டுக்கல் பட்டறையில் நாற்பதாயிரம் கேட்டார்கள்.

நாச்சிமுத்து மெக்கானிக் ஆரோக்கியத்திடம் வந்தார். ஆரோக்கியத்தின் ஒழுகும் கொட்டகை நாச்சிமுத்துவின் இடத்தில்தான் இருந்தது.

"நாளைக்குள்ள வண்டி ரெண்டு அங்குலம் ஒசரணும். ஒரு போல்ட்டுகூடப் புதுசா வாங்கக் கூடாது. முடியலேன்னா கொட்டகையைப் பிரிச்சுட்டுக் கிளம்பு."

"சரிங்க முதலாளி. கழட்டுற சாமான் எனக்குங்களா?"

"பழைய இரும்பு எனக்கெதுக்கு? நீயே வெச்சுக்க."

மறுநாள் சுமைக்காரர்கள் கூடி நிற்க, நாச்சிமுத்துவே டேப் பிடித்து அளந்தார். சரியாக இரண்டு அங்குலம் கூடியிருந்தது. வண்டி தட்டாமல் மேடு ஏறியது.

"ஸ்பிரிங்கை மாத்தினியாடா?"

"அதைத் தொடவே இல்லீங்க. அது மேல உக்காந்திருந்த உங்களை எறக்கி வெச்சேன், அவ்வளவுதான்."

ஆரோக்கியம் மண்டித் தராசைக் காட்டினார். அதில் இரும்புத் தடுப்புகளும், அவற்றின் மேல் படத்தோடு பலகையும் கிடந்தன. முள் முந்நூற்றுப் பத்து கிலோவில் நின்றது.

சுமைக்காரர்களின் சிரிப்பில் நாச்சிமுத்துவும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார்.

அந்த ஐப்பசி மழையில் ஆரோக்கியத்தின் கொட்டகை ஒழுகவில்லை. கூரையில் ஓட்டை இருந்த இடத்தில், பட்டங்களோடு மல்லாந்து படுத்து நாச்சிமுத்து நனைந்துகொண்டிருந்தார்.