திரும்பி நின்ற சுவர்கள்

"அந்தம்மா பொய் சொல்லுது மேடம்," என்றார் தணிகாசலம்.

ரெஜினா கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தணிகாசலம் அகழாய்வில் பழம் தின்று கொட்டை போட்டவர். காந்தமானிக்குத்தான் புதியவர். அந்தக் கருவியில் அவருக்குக் குரு, மகள் வயதுள்ள ரெஜினா. மண்ணுக்கடியில் சுட்ட செங்கலோ அடுப்போ இருந்தால் அந்த இடத்தில் காந்தம் லேசாக மாறும். கருவியைத் தூக்கிக்கொண்டு வரிவரியாக நடந்தால், அந்த மாற்றம் படமாக வரும்.

வந்திருந்தது. பூலம்மாளின் கடலைக்காட்டுக்கு அடியில், வடக்கு தெற்காக, வரிசையாகச் சுவர்கள்.

பூலம்மாளோ, மாமனார் காலத்திலிருந்து உழுகிறோம், ஒரு ஓட்டாஞ்சில்லுகூடத் தட்டுப்பட்டதில்லை என்று சாதித்தாள். மறுநாள் தோண்ட ஆள் வருகிறது. பிஞ்சு பிடித்த கடலை மொத்தமும் போய்விடும். வருஷத்துக்கு அவளுக்கு அந்த ஒரு வெள்ளாமைதான்.

"பயிரைக் காப்பாத்தத்தான் மறைக்குது."

"இருக்கும்," என்றார் ரெஜினா.

அந்த 'இருக்கும்' தணிகாசலத்துக்குப் பிடிக்கவில்லை. சர்வீஸ் முழுக்கத் தேடியும் கிடைக்காதது இப்போது கிடைத்திருக்கிறது, இந்தப் பெண்ணுக்கும் வயிற்றெரிச்சலோ என்று பட்டது. சந்தேகம் வந்துவிட்டால் மனுஷனுக்கு எல்லா முகமும் கள்ள முகம்தான்.

"உங்களுக்கு நம்பிக்கை இல்லையா மேடம்?"

"நேத்து வடக்கு தெற்காத்தானே நடந்தீங்க?"

"ஆமா."

"இன்னைக்குக் கிழக்கு மேற்கா நடந்துட்டு வாங்க சார்."

வேண்டாத வேலை என்று முனகிக்கொண்டே எழுந்தார். உடம்பில் இரும்பு இருந்தால் கருவி ஏமாந்துவிடும். அதனால் வாட்ச், சாவி, பெல்ட் எல்லாவற்றையும் வழக்கம்போல மரத்தடியில் இருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டார். வரப்பில் நின்ற பூலம்மாளை முறைத்தபடியே நடந்தார். ஆணி கீணி புதைத்திருப்பாளோ என்று காலால் மண்ணைக் கிளறியும் பார்த்தார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது படம் வந்தது.

அதே சுவர்கள். அதே வரிசை. ஆனால் கிழக்கு மேற்காக.

தணிகாசலம் நடந்த திசைக்கே சுவர்களும் திரும்பியிருந்தன.

"ராத்திரியோட ராத்திரியா அந்தம்மா சுவரைத் திருப்பி வச்சிருப்பாங்களோ?" என்று கேட்டார் ரெஜினா.

தணிகாசலத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது. அரைஞாண் கயிற்றில் ஒரு இரும்பு வளையம். செத்தவர்கள் புதைந்து கிடக்கும் மண்ணில் நடக்கிற மனுஷன், காத்து கருப்பு அண்டக்கூடாது என்று மனைவி கட்டிவிட்டது. அதை அவர் காவலாகத்தான் நினைத்திருந்தார், இரும்பாக நினைத்ததே இல்லை.

அவருக்கு முகம் சுண்டிப்போனது.

"கழட்டிட்டு இன்னொரு தடவை நடங்க சார்."

"பயமா இருக்கு மேடம்."

"காத்து கருப்புக்கா?"

"இல்ல. சுவர் இல்லாமப் போயிட்டா?"

ரெஜினா வரப்புப் பக்கம் பார்த்தார். பூலம்மாள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், படத்தில் என்ன வந்தது என்று கேட்கக்கூடப் பயந்து.

ரெஜினா பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார்.