உங்க பைக்கு

சிரிப்பு ஒன்று இருக்கிறது. கட்டாயம் தருவேன். கேட்டதும் கொடுத்தால் ருசிக்காது. முதலில் குருவையும் சீடரையும் பார்த்துவிடுங்கள்.

குருவின் பெயர் ஜெஸிந்தா, வயது இருபத்துமூன்று. தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார். சீடர் இசக்கிமுத்து அண்ணாச்சிக்கு நாற்பத்தாறு. துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். துபாய் வேலைக்கான இன்டர்வியூவில் ஒருமுறை தோற்றார். ஏன் என்று இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அதிலும் தோற்றால் அவ்வளவுதான்.

இங்கிலீஷ் வார்த்தை ஐநூறு மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

குரு போர்டின் நடுவே கோடு கிழித்தார்.

"இந்தப் பக்கம் சப்ஜெக்ட். யாரு, எதுன்னு சொல்லும். அந்தப் பக்கம் பிரெடிகேட். அதுக்கு என்னன்னு சொல்லும்."

சீடர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சந்தேகம் டீச்சர். எதுன்னு சொல்லியாச்சுல்லா? மிச்சத்தைக் கேக்கிறவன் புரிஞ்சுக்கிட மாட்டானா?"

குரு கண்களை மூடினார். தியானம் இல்லை, சாக்பீஸ் தூள். துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க பைக்கு..."

அத்தோடு நிறுத்திவிட்டு டீயை எடுத்து ஊதினார்.

"பைக்குக்கு என்ன டீச்சர்?"

குரு ஒரு வாய் குடித்தார்.

"விழுந்துட்டா? எவனும் தள்ளிட்டுப் போறானா?"

இன்னொரு வாய்.

வாங்கிப் பதினோரு நாள்தான் ஆன பைக். சீடர் செருப்பைக்கூடப் போடாமல் தடதடவென்று இறங்கினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். டயரை அமுக்கினார். டேங்க் மூடியைத் திறந்து மோந்தார். மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"ஒண்ணும் இல்லையே டீச்சர். நல்லாத்தானே நிக்கி."

"நான் ஏதாவது சொன்னேனா?"

"எங்க சொன்னீங்க? 'உங்க பைக்கு'ன்னீங்க. அப்படியே நிறுத்திட்டீங்க. மனுசன் என்னன்னு நினைக்க?"

"எதுன்னு சொல்லிட்டேன்லா அண்ணாச்சி?"

சீடர் பெஞ்சில் உட்கார்ந்தார். போர்டில் பிரெடிகேட் பக்கத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு இன்டர்வியூல நான் 'மை லைசென்ஸ்'னு சொன்னேன். அந்த ஆபீசர் என் முகத்தையே பார்த்தாரு. நானும் அவரைப் பார்த்துச் சிரிச்சேன். நல்லாத்தான் போகுதுன்னு இருந்தேன், டீச்சர்."

"அப்போ அவரு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரு?"

சீடர் ஜன்னல் வழியே கீழே பைக்கைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவரும் மாடிப்படி இறங்கிக்கிட்டு இருந்திருக்காரு."