ஆலமரத்துக்கு விழுது வந்த கதை

அந்தக் காலத்தில் மரமும் பூச்சியும் மனிதரோடு வாய் திறந்து பேசும். ஆலமரத்துக்கு அப்போது விழுது கிடையாது.

ஒரு மலையடிவாரத்தில் பவளாயியும் அவள் புருஷன் செங்கோடனும் கல் உடைத்துப் பிழைத்தார்கள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிச் செங்கோடன் குகைக்குள் போனான். மேலிருந்து ஒரு பாறை சரிந்து வாசலை அடைத்துக்கொண்டது.

பவளாயி தள்ளிப் பார்த்தாள், நெம்பிப் பார்த்தாள். பாறை அசையவில்லை. இடுக்கு வழியே அவன் குரல் மட்டும் வந்தது.

"பவளா, இருக்கியா?"

"இங்கதான் இருக்கேன் மாமா."

கையை நீட்டினால் விரல்கூட எட்டவில்லை. இடுக்கில் தண்ணீர் ஊற்றுவாள். அவன் குடிக்கும் சத்தத்தைப் பாறையில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போனது.

குகைக்கு மேலே ஓர் ஆலமரம் கிளை நீட்டி நின்றது. அதில் வலை பின்னியிருந்த சிலந்தி கேட்டது: "அக்கா, உன்னால எவ்வளவு பளு தூக்க முடியும்?"

"இந்தப் பாறையில கால் பங்கு தூக்குவேன்."

"அது போதும். கிளையில ரெண்டு கப்பி, பாறையில ரெண்டு கப்பி கட்டு. கயித்தை மேலும் கீழுமா நாலு இழை ஓட்டு. பளுவை நாலும் பங்கு போட்டுக்கும்; உன் கைக்குக் கால் பங்குதான் வரும். ஆனா பாறை ஒரு முழம் எழும்ப நீ நாலு முழம் இழுக்கணும்."

கல் ஏற்றும் கப்பிகள் அவளிடம் இருந்தன. கயிறுதான் ஓர் இழைக்கு மேல் வரவில்லை. கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

ஆலமரத்துக்கு மனசு பொறுக்கவில்லை. "தாயி, என் நரம்பை எடுத்துக்கோ" என்று கிளையைப் பிளந்து, உள்ளே ஓடிய நரம்புகளைக் கீழே இறக்கியது. வலியில் இலையெல்லாம் நடுங்கின. பவளாயி அவற்றை அறுத்து, நீளக் கயிறாகத் திரித்துக் கப்பிகளில் கோத்தாள்.

இழுத்தாள். கயிறு முழம் முழமாகக் கைக்கு வந்தது. பாறை விரற்கடை விரற்கடையாகத்தான் எழும்பியது.

"மாமா, வா!"

செங்கோடன் தவழ்ந்து வெளியே வந்தான். அவள் கயிற்றை விட்டாள். பாறை தடாலென்று விழுந்தது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அந்த மலையடியில் இருக்கப் பயந்து வேறு சீமைக்குப் புறப்பட்டார்கள். போகும்போது பவளாயி மரத்தைத் தழுவி, "உன்னைப் பார்க்க வருவேன்" என்றாள்.

அவள் வரவில்லை. ஆலமரம் எத்தனையோ மழைக்காலம் பாதையையே பார்த்திருந்தது. ஒருநாள் ஏக்கம் தாங்காமல், பிளந்த கிளையிலிருந்து மறுபடியும் நரம்புகளை இறக்கியது, அவள் வந்து பிடித்து இழுக்க மாட்டாளா என்று.

அன்று முதல்தான் ஆலமரம் கிளைக்குக் கிளை விழுது விடுகிறது. பிடிக்கக் கை ஒன்றும் வராவிட்டால், மண்ணையே பிடித்துக்கொள்கிறது.